தெரியும் என்றொரு கோடு

“கோடு போட்டாச்சு டீச்சர். இவங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் உண்டுன்னு கோடே சொல்லுது. அப்புறம் அம்பு எதுக்கு?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே உலகநாதன் கேட்டார்.

எஸ்தர் தலை நிமிரவில்லை. முன்னால் சாக்கில் கொட்டிக் கிடந்த எலுமிச்சம்பழங்களில் அழுகலைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“முதல்ல உட்காருங்க அண்ணே. பஸ்ஸுல வந்த தலைசுத்து போகட்டும்.”

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதை, வயிற்றைக் கலக்காமல் யாரையும் மேலே விடாது. உலகநாதன் உட்கார்ந்தார். கேள்வி உட்காரவில்லை.

“அம்பு எதுக்கு டீச்சர்?”

மனசுக்குக் கஷ்டம் என்றால் பழனிக்கு நடக்கிறவர்கள் உண்டு. மென்பொருள் வரைகிறவர்களுக்குக் கஷ்டம் வந்தால் சிறுமலைக்கு பஸ் ஏறுவார்கள்.

வரைகிறவர்கள் என்றால் வேறொன்றும் இல்லை. வீடு கட்டுமுன் கொத்தனாருக்கு ஒரு படம் வேண்டும் அல்லவா, அதுபோல மென்பொருள் எழுதுமுன்னும் ஒரு படம் உண்டு. அதில் வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எதற்கும் எதற்கும் தொடர்பு உண்டோ அவற்றுக்கு நடுவே ஒரு கோடு. கோட்டின் நுனியில் அம்பு இருந்தால், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போகலாம் என்று பொருள்.

அந்தப் படங்களை வாசிப்பதில் எஸ்தர் பேர்போனவர். பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, கணவர் லூர்துவோடு மலைமேல் எலுமிச்சையும் காப்பியும் வைத்துப் பிழைக்கிறார். யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை. வந்தவரைப் போ என்று சொன்னதும் இல்லை.

உலகநாதனுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். மதுரையில் கட்டமும் கோடும் போட்டுப் போட்டே தலை நரைத்தவர். ஆனாலும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். வைத்தியரிடம் போய் வயதா கேட்போம்?

எஸ்தர் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. மடிக்கணினியைத் திறக்கக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சுவர் சுண்ணாம்படித்து வெள்ளையாக நிற்கும். அடுப்புக்கரியால் அதில் வரைய வேண்டும். கையால் வரைந்தால்தான் தப்பு தலைகாட்டும் என்பது அவர் கட்சி.

“கரி அந்தச் சட்டியில இருக்கு அண்ணே,” என்றார்.

உலகநாதன் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றில் ‘கொடையாளர்’ என்று எழுதினார். மற்றதில் ‘பெறுநர்’. நடுவில் ஒரு கோடு. கோட்டின்மேல் ‘தெரியும்’.

“கண் வங்கிக்குச் செய்யறது டீச்சர். செத்தவங்க கண்ணைக் குடுக்குறாங்கள்ல, அந்தக் குடும்பம் இந்தக் கட்டம். அந்தக் கண்ணு யாருக்குப் போகுதோ அவங்க அந்தக் கட்டம். எல்லாம் தமிழ்லதான் இருக்கணும்னு வங்கியில சொல்லிட்டாங்க.”

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தார்.

“யாருக்கு யாரைத் தெரியும்?”

“அதான் எழுதியிருக்கேனே. தெரியும்.”

“யாருக்கு?”

“இவங்களுக்கு.”

“யாரை?”

“அவங்களை.”

“எங்க எழுதியிருக்கு?”

உலகநாதன் சுவரைப் பார்த்தார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

“நம்ம பேச்சுல வெறுமனே ‘தெரியும்’னா அது அந்தரத்துல தொங்கும் அண்ணே,” என்றார் எஸ்தர். “யாருக்குன்னு ஒரு ‘கு’ வேணும். யாரைன்னு ஒரு ‘ஐ’ வேணும். ரெண்டையும் விட்டுட்டா, வாசிக்கிறவங்க அவங்கவங்க மனசுல இருக்கிறதைப் போட்டு வாசிச்சுக்குவாங்க. அம்புன்னா பெரிய சூத்திரம் ஒண்ணுமில்ல. அந்த ‘ஐ’ எந்தப் பக்கத்துல ஒட்டுதுன்னு காட்டுறது.”

உலகநாதன் கரியைச் சட்டியில் போட்டார்.

“அப்படித்தான் ஆயிருச்சு,” என்றார்.

ஆனது இதுதான். அவரிடம் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர், ஷகீலா, தயாளன். இருவருமே கெட்டிக்காரர்கள், அதுதான் வினை. ‘கொடையாளருக்குப் பெறுநரைத் தெரியும்’ என்று ஷகீலா வாசித்தார். ‘பெறுநருக்குக் கொடையாளரைத் தெரியும்’ என்று தயாளன் வாசித்தார். அந்த அம்மாள் இங்கிருந்து அங்கே பார்க்க ஒரு கதவு வைத்தார், இந்த ஆள் அங்கிருந்து இங்கே பார்க்க ஒரு கதவு வைத்தார். சோதனை ஓட்டத்தில் பார்த்தால் இரண்டு கதவும் பே என்று திறந்து கிடந்தன.

கண் வங்கியின் வழக்கமோ நேர் எதிர். யாருடைய கண் யாருக்குப் போயிற்று என்று இந்தப் பக்கமும் சொல்வதில்லை, அந்தப் பக்கமும் சொல்வதில்லை.

“எப்பப் பார்த்தீங்க?”

“நேத்து சாயங்காலம்.”

“அடைச்சிட்டீங்களா?”

உலகநாதன் வேறொன்று சொன்னார்.

“அம்பு போடலேன்னா ரெண்டு பக்கமும் போய் வரலாம்னு ஒரு வழக்கம் இருக்கு டீச்சர். முழுத் தப்புன்னு யாரும் சொல்லிர முடியாது. அப்படியே விட்டுட்டா என்னன்னு…”

“அம்பைக் கை மறந்துச்சா, மனசு விட்டுச்சா?”

மலைக்காற்று ஒரு வீச்சு வீசியது. உலகநாதனின் வலது கண்ணில் தண்ணீர் கட்டியது. கைக்குட்டையால் அதை ஒற்றிக்கொண்டார். மிகப் பதமாக ஒற்றினார், பிறத்தியார் வீட்டுப் பாத்திரத்தைத் துடைப்பதுபோல.

எஸ்தர் அதைப் பார்த்தார்.

“வலது கண்ணா?” என்றார்.

உலகநாதன் தலையசைத்தார்.

அவருக்கு இரண்டு கருவிழியும் வெளுத்துப்போய்க் கிடந்த காலம் ஒன்று உண்டு. முகத்துக்கு நேரே விரலை நீட்டினால் எத்தனை என்று சொல்ல வராது. இடது கண்ணைக் கைவிட்டுவிட்டார்கள். வலது கண்ணுக்கு எவரோ ஒருவரின் கருவிழி வந்து சேர்ந்தது. கட்டுப் பிரித்த அன்று அவருக்கு முதலில் தெரிந்தது நர்ஸின் கைக்கடிகாரம். அந்த முள் நகர்வதைப் பார்த்து அவர் தேம்பித் தேம்பி அழுதார். கண்ணுக்கு ஆகாது, அழக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார்.

“அந்த நன்றிக்குத்தான் டீச்சர், வங்கிக்குச் சும்மாவே செஞ்சு தர்றேன்னு இந்த வேலையை எடுத்தேன். சத்தியமா வேற எண்ணம் இல்ல. சோதனைக்குப் பழைய பதிவுகளைப் போட்டாங்க. அதுல என் பேரும் கிடக்கு. என் கட்டத்துலேருந்து கோடு போகுது. ஒரு தட்டுத் தட்டினா அந்த வீடு வந்துரும். பேரு, ஊரு, தெரு, எல்லாம்.”

“தட்டினீங்களா?”

“விரலை வச்சேன். எடுத்துட்டேன். தட்டலாமான்னு கேக்கத்தான் விடிஞ்சதும் விடியாததுமா பஸ் ஏறினேன்.”

“அம்பு எதுக்குன்னுல்ல கேட்டீங்க?”

“ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்.”

எஸ்தர் திரும்பப் போய் எலுமிச்சைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் லூர்து சாப்பாடு போட்டார். ஆறடி ஆள். சிரிப்பை எங்கோ அடகு வைத்தவர்போல முகம். “சாம்பாரா, ரசமா?” என்று கேட்டதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. உலகநாதனுக்கு அவரைப் பார்த்தாலே கொஞ்சம் பயமாக இருந்தது. வேண்டாத விருந்தாளியாக வந்துவிட்டோமோ என்று ரசத்தோடு நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் மங்கியது. எஸ்தர் கூப்பிட்டார்.

“அண்ணே, அந்தக் காப்பிச் செடிக்கிட்ட போய் நில்லுங்க.”

“எதுக்கு டீச்சர்?”

“நில்லுங்க.”

உலகநாதன் போய் நின்றார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் சமையலறையில் விளக்கு எரிந்தது. கண்ணாடி சன்னல் வழியே உள்ளே இருப்பது அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது.

லூர்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பாடிக்கொண்டிருந்தார். கோயில் பாட்டு, சுதி எங்கேயோ போயிற்று. நறுக்கி முடித்ததும் கரண்டியை எடுத்தார். சட்டியைக் கிண்டினார். பிறகு அந்த ஆறடி மனுஷர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, ஒரு காலை முன்னால் வைத்து ஒரு காலைப் பின்னால் வைத்து, அடுப்பைச் சுற்றி ஆடினார்.

உலகநாதன் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு நிறைந்தது. மத்தியானம் யாரைக் கண்டு பயந்தாரோ அவர்மேல் கூடப் பிறந்தவர்மேல் வருவதுபோல ஒரு பிரியம் வந்துவிட்டது. காரணம் கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

எஸ்தர் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவர் உங்களுக்குத் தெரியுறாரா?”

“தெரியுறாரு.”

“அவருக்கு உங்களைத் தெரியுதா?”

“இல்ல. வெளிச்சத்துல நிக்கிறவருக்கு வெளிய இருட்டுத்தான் தெரியும்.”

“தெரிஞ்சிருந்தா?”

உலகநாதன் யோசித்தார்.

“ஆடியிருக்க மாட்டாரு,” என்றார்.

“சரி. இப்ப நீங்க போய் முன்னறையில விளக்கைப் போட்டுட்டு உட்காருங்க. நான் வெளிய இருக்கேன்.”

உலகநாதன் போய் உட்கார்ந்தார். சன்னல் கண்ணாடி கறுப்பாக இருந்தது. அதில் அவர் முகம்தான் தெரிந்தது.

முதலில் காலை நீட்டினார். மரியாதையாக இருக்காது என்று மடக்கினார். சட்டைப் பொத்தானைப் போட்டார். தலையைக் கோதினார். மூக்கில் அரித்தது, சொறியவில்லை. மேசைமேல் ஒரு புத்தகம் கிடந்தது. எடுத்து விரித்துக்கொண்டார். ஒரு வரி ஏறவில்லை. பக்கத்தை மட்டும் ஒழுங்காகப் புரட்டினார்.

வெகுநேரம் ஆனபின் எஸ்தர் உள்ளே வந்தார்.

“எப்படி இருந்துச்சு அண்ணே?”

“ஐயோ, உசிரே போயிருச்சு டீச்சர். நீங்க பார்த்துக்கிட்டே இருக்கீங்கன்னு நினைச்சா மூச்சு விடவே கூச்சமா இருந்துச்சு.”

“நான் எங்க பார்த்தேன்? கோழியை அடைக்கப் போயிட்டேன்.”

உலகநாதன் புத்தகத்தை மூடி வைத்தார். அப்போதுதான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது அவருக்குத் தெரிந்தது.

சாப்பாடு ஆயிற்று. லூர்து பழையபடி உம்மென்று பரிமாறினார். உலகநாதன் கூச்சப்படாமல் இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். லூர்துவுக்கு அது ஏன் என்று தெரியாது.

கை கழுவியதும் எஸ்தர் ஆரம்பித்தார்.

“நீங்க ஒரு பக்கம்தான் நினைச்சீங்க அண்ணே. அந்தக் கோடு வழியா நீங்க அங்க போகலாம்னா, அவங்களும் இங்க வரலாம்.”

“வரட்டுமே. வந்தா வாசல்லயே கால்ல விழுவேன்.”

“நீங்க விழுவீங்க. அவங்க உங்களையா பாப்பாங்க?”

உலகநாதன் நிமிர்ந்தார்.

“அவங்க வீட்டுக் கண்ணைப் பாப்பாங்க,” என்றார் எஸ்தர். “அப்பாவோ, புள்ளையோ, யாரோ. உங்க மூஞ்சியில அவங்களைத் தேடுவாங்க. நீங்க சிடுசிடுத்தா, அந்தக் கண்ணு சிடுசிடுக்குதேன்னு நினைப்பாங்க. நீங்க மறந்துபோய் ரெண்டு மாசம் எட்டிப் பாக்கலேன்னா, அந்தக் கண்ணு எங்களை மறந்துருச்சேன்னு நினைப்பாங்க. நாளைக்கு, கடவுள் புண்ணியத்துல அப்படி ஒண்ணும் ஆக வேணாம், அந்தக் கண்ணு மங்கிப் போச்சுன்னு வைங்க.”

அவர் மேலே சொல்லவில்லை. உலகநாதனே சொன்னார்.

“மறுபடியும் ஒரு சாவு.”

“ஆமா. அதே வீட்டுல.”

உலகநாதன் தன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார். இத்தனை நாள் அது தன்னுடைய அதிர்ஷ்டம் என்று மட்டும்தான் நினைத்திருந்தார்.

ஆனால் மனசு லேசில் அடங்குமா? கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கோபம் வந்தது.

“அப்ப நான் நன்றி கெட்டவனாவே சாகணுமா டீச்சர்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லி வளர்த்தாங்க. உப்புப் போட்டவங்களுக்கே அப்படின்னா, கண்ணு குடுத்தவங்களுக்கு?”

“நினைன்னுதான சொன்னாங்க? தேடிப் போன்னா சொன்னாங்க?”

“யாருன்னே தெரியாம யாரை நினைக்கிறது? ஆம்பளையா பொம்பளையா, சின்னவங்களா பெரியவங்களா, ஒண்ணும் தெரியாது. ஒரு பேரு இல்ல. ஒரு மூஞ்சி இல்ல. நினைக்கணும்னா நினைப்பு எங்கயாவது போய் நிக்கணும்ல டீச்சர்?”

எஸ்தர் மெல்லக் கேட்டார்.

“அவங்க குடுத்தாங்கள்ல, அன்னைக்கு. ‘யாருக்கு’ன்னு கேட்டாங்களா?”

“இல்ல. கேக்க மாட்டாங்க. சொல்லவும் மாட்டாங்க.”

“குடுக்கிறதுன்னா ‘கு’ இல்லாம நம்ம பேச்சு நிக்காது. இன்னாருக்குக் குடுத்தேன்னுதான் வரும். அந்த வீட்டுல பொணம் கிடக்கிற நேரத்துல, அழுதுக்கிட்டே, அந்த ‘கு’ இல்லாமலே குடுத்திருக்காங்க.”

எஸ்தர் எழுந்து போய்விட்டார்.

உலகநாதன் அப்படியே உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ ஆயிரம் கோடு போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில் தொடங்கி ஒரு கட்டத்தில் முடியும். முடியுமிடம் தெரியாமல் ஒரு கோட்டை நீட்டிவிடுகிற தைரியம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. யாரோ, எங்கேயோ, தலைமாட்டில் விளக்கு எரிகிற வீட்டில் அப்படி நீட்டியிருக்கிறார்கள். அது வந்து இவர் முகத்தில் முடிந்திருக்கிறது.

விடிந்தது. எஸ்தர் பின்பக்கம் வந்தபோது உலகநாதன் ஏற்கெனவே சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்திருந்தார். கரி என்பதால் முழுக்கப் போகவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு தடம் இருந்தது.

இரண்டு கட்டங்களுக்கும் மேலே மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு ‘வங்கி’ என்று எழுதியிருந்தார். அதிலிருந்து கொடையாளருக்கு ஒரு கோடு, பெறுநருக்கு ஒரு கோடு. இரண்டின் கீழ்நுனியிலும் அம்பு இருந்தது. மேலே திரும்பிப் பார்க்கும் அம்பு ஒன்றுகூட இல்லை.

பக்கத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தார்: ‘வங்கிக்குக் கொடையாளரைத் தெரியும். வங்கிக்குப் பெறுநரைத் தெரியும்.’

எஸ்தர் வாசித்தார். ‘கு’ இருந்தது, ‘ஐ’ இருந்தது.

“சரியா இருக்கு அண்ணே.”

“படம் சரியாயிருச்சு டீச்சர். எனக்குத்தான் ஆறல.”

“போன் பண்ணணும்ல?”

“பண்ணணும். கதவு ரெண்டும் இன்னும் திறந்துதான் கிடக்கு.”

“பாறைக்கு வாங்க. இங்க சிக்னல் எடுக்காது.”

தோட்டத்தைத் தாண்டி, வாழைகளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை ஏறியது. எஸ்தர் முன்னால் போனார். மஞ்சு, அதுதான் மலைப்பனி, மூடியிருந்தது. அவர் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே உலகநாதன் பின்னால் ஏறினார். மேலே மொட்டைப் பாறை. அதற்கு அப்பால் மலை செங்குத்தாக இறங்குகிறது என்றார் எஸ்தர். இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியாதபடி எங்கும் வெள்ளையாக இருந்தது.

உலகநாதன் போனை எடுத்தார்.

“ஷகீலா, நான்தாம்மா. மலையிலேருந்து பேசுறேன். கேக்குதா? ரெண்டு கதவையும் அடைச்சிரு. ஆமா, தயாளன் வச்சதையும். சோதனைக்குப் போட்ட பழைய பதிவு எதையும் விட்டு வைக்காத, எல்லாத்தையும் எடுத்துரு.”

அந்தப் பக்கம் ஷகீலா ஏதோ கேட்டார்.

“ஆமாம்மா. என்னோடதையும்.”

கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். எடுத்தாயிற்று, அடைத்தாயிற்று என்று ஷகீலா சொல்லும்வரை வைத்திருந்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முடிந்தது. இனி எந்த விரலும் எதையும் தட்ட முடியாது. செய்தது சரி என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஒரு தட்டுத் தூரத்தில் இருந்தவர்களை இன்று காலையில்தான் இழந்ததுபோல இருந்தது.

எஸ்தர் பாறைமேல் பக்கத்தில் நின்றார்.

“என்ன தெரியுது அண்ணே?”

“மஞ்சு.”

இருவரும் நின்றார்கள். காற்று எழுந்தது. மஞ்சு ஓரிடத்தில் கிழிந்தது.

“இப்ப?”

“கீழ ஏதோ பச்சையா… தென்னையா இருக்கும். ஆமா, தென்னந்தோப்பு.”

“இப்ப?”

“குளம். குளத்துல வெயில் விழுந்திருக்கு டீச்சர். கரையில ஒரு மாடு. மாடுதானா? நகருது. மாடுதான்.”

மஞ்சு மேலும் மேலும் விலகியது. கேட்க வேண்டிய தேவை இல்லாமல் உலகநாதனே சொல்லிக்கொண்டு போனார்.

“திண்டுக்கல் பாறை. மேல கோட்டைச் சுவரு. ரோடு. ரோட்டுல பஸ் வெயில்பட்டு மின்னுது. ரயில் போகுது டீச்சர், எம்மாஞ் சின்னதா போகுது பாருங்க. அங்க ஒரு வீட்டுல புகை. இந்தப் பக்கம் மலை. அதுக்குப் பின்னால மலை. அதுக்கும் பின்னால நீலமா இன்னொண்ணு…”

அவர் காலடியில் பார்த்தார். பாறை வெடிப்பில் ஒரு புல். அதன் நுனியில் தண்ணீர்த்துளி. அதற்குள்ளும் வெயில். இத்தனையையும் ஒருசேர வாங்கிக்கொள்ள அவருக்குத் திராணி போதவில்லை. மயிர்க்கூச்செறிந்தது.

“வேற?”

“எல்லாம் தெரியுது டீச்சர்,” என்றார். சொன்ன வேகத்தில் துக்கம் மறுபடி முட்டிக்கொண்டு வந்தது. “எல்லாந்தான் தெரியுது. அவங்களைத் தவிர.”

எஸ்தர் அவர் பக்கம் திரும்பினார்.

“அவங்களைத் தவிரவா?”

உலகநாதன் மறுபடி கீழே பார்த்தார்.

மெதுவாக வலது கண்ணை மூடினார். ரயில் போயிற்று. குளம் போயிற்று. மலையும் மலைக்குப் பின்னால் இருந்த மலையும் போயின. பக்கத்தில் நின்ற எஸ்தரும் இல்லை.

கண்ணைத் திறந்தார்.

கை தானாகக் குவிந்தது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று அவர் கேட்கவில்லை.